ஜோடித் தாள்

செம்பூர்
மும்பை, 12 ஜனவரி 2025

அன்புள்ள அம்முவுக்கு, அண்ணா எழுதுவது.

நானும் சுஷ்மாவும் நன்றாக இருக்கிறோம். அவளுக்கு முழங்கால் வலி, எனக்கு பிரஷர், அதைத் தவிர ஒரு குறையும் இல்லை. உன் காது எப்படி இருக்கிறது என்று கேட்டால், "காது அதன் இடத்தில்தான் இருக்கிறது, கேட்பதுதான் இல்லை" என்பாய். அதனால் கேட்கவில்லை. புது மாத்திரையில் தலைசுற்றல் குறைந்ததா என்று மட்டும் எழுது.

வாட்ஸப் இருக்கும்போது இதென்ன தபால் என்று சிரிக்காதே. ஆபீஸ் ஆப்பை எல்லோர் போனிலும் போட வைத்துவிட்டார்கள். அது எதைப் பார்க்கிறது, எதைப் படிக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இனி ஆபீஸ் சமாசாரம் எல்லாம் காகிதத்தில்தான். நீயும் அப்படியே செய்.

விஷயம் இதுதான். நம் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தமிழ் டெஸ்க்குக்கு ஏஐ வந்துவிட்டது. பாலிசிதாரர்களுக்கு நாம் எழுதும் கடிதங்கள் எல்லாவற்றையும் மிஷின் எழுதிப் பார்க்கப் போகிறதாம். பணம் உண்டு, பணம் இல்லை, இன்னின்ன தாள் அனுப்புங்கள், எல்லாம்தான். முதலில் மூன்று மாதம் பரீட்சை. ஆளுக்கு மொத்தம் இருபது ஜோடி, வாரம் ஒன்றிரண்டாக வரும். ஒரே கேஸுக்கு இரண்டு கடிதம், ஒன்று மிஷின் எழுதியது, மற்றது மனுஷர் எழுதியது. எது எதுவென்று சொல்லமாட்டார்கள், பெயரும் இருக்காது. எது அனுப்பத் தகுந்தது என்று டிக் போட்டு, தோற்றது ஏன் தோற்றது என்று ஒரு வரி எழுத வேண்டும்.

என் பக்கத்து சீட் பஞ்சு குதிக்கிறான். "ஏண்டா கேஷவ், பொண்ணு பார்க்கப் போன மாதிரி ரெண்டு லெட்டரையும் உக்கார வச்சு எது லட்சணமா இருக்குன்னு சொல்லணுமாம். முப்பது வருஷம் குப்பை கொட்டினது இதுக்கா?" என்று காட்கோபர் ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினான். எங்கள் மேனேஜர் நகுல் தமிழ்ப் பையன்தான், மாட்டுங்காவில் பிறந்தவன். ஆனால் தமிழ் படிக்க வராது. "டென்ஷன் மத் லோ அங்கிள், கவலைப்படாதீங்க. எனக்கு லெட்டர் படிக்கத் தெரியாது, நம்பர்தான் படிப்பேன். நம்பர் நல்லா வந்தா நீங்க சேஃப்" என்றான்.

உன்னைப் போல வீட்டிலிருந்து எழுதுகிறவர்களுக்கும் இந்த ஜோடித் தாள் வரும். உங்கள் கடிதங்கள் ஆபீஸ்காரர்களிடமும், எங்கள் கடிதங்கள் உங்களிடமும் வருமாம். நான் சொல்லி வேலையில் சேர்ந்தவள் நீ. யார் முகமும் பார்க்காமல் நேர்மையாகப் போடு. என் பேரைக் கெடுத்துவிடாதே.

உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் அண்ணா
கேஷவ்

-

கோயம்புத்தூர்
25 ஜனவரி 2025

அன்பான அண்ணாவுக்கும் மன்னிக்கும் அம்முவின் நமஸ்காரங்கள்.

உன் கடிதம் வந்தது. தலைசுற்றல் இல்லை. காது அதன் இடத்தில்தான் இருக்கிறது. மன்னியை மாடிப்படி ஏற விடாதே, லிஃப்ட் வேலை செய்யாத நாளில் காய்காரனைக் கீழேயே நிற்கச் சொல்லி நீ போய் வாங்கு. பிரஷர்காரனுக்கு நடை நல்லது.

எனக்கும் தாள் வந்துவிட்டது. முதல் நாள் ஒன்றும் பிடிபடவில்லை, பொய் சொல்வானேன். இரண்டு கடிதத்தையும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பிடிபட்டுவிட்டது. மனுஷர் எழுதியது எதுவென்று இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடுகிறது. மனுஷருக்கு வேர்க்கிறது அண்ணா. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று சுற்றிச் சுற்றி வருகிறார்கள். மிஷினுக்கு அந்த பயமே இல்லை.

எனக்கு உண்டு. உனக்குத் தெரியாதது இல்லை. அவர் போனபின் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கு இத்தனை மாதம் என்று என்னைப் பங்கு போட்டுக்கொள்ளப் பார்த்தபோது, நீ இந்த வேலையை வாங்கிக் கொடுத்தாய். பிறகு காதும் போனது. காது கேட்காத நாற்பத்தேழு வயதுக்காரிக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? பள்ளிக்கூடமா, கடையா? இந்த மாடிப் போர்ஷனும் அதன் பூட்டும் சாவியும் என்னுடையது என்றால் இந்த வேலையால்தான். இது போனால் செம்பூரில் உன் ஹாலில் வந்து படுக்க வேண்டியதுதான். மன்னி தங்கமானவள். ஆனாலும் ஹால் ஹால்தான்.

சரி, அழுகை போதும். நேர்மையாகப் போடு என்று எனக்குப் பாடம் எடுக்கிறாயே, கேரம் விளையாட்டில் காயை விரலால் தள்ளினது யார்?

பிரஷர் மாத்திரையை மறக்காதே.

உன்
அம்மு

-

செம்பூர்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அம்முவுக்கு,

சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கு எழுது. பதில் தாமதம், மன்னிக்கவும். சனிக்கிழமைகளில் சான்பாடாவில் ஏஐ வகுப்புக்குப் போகிறேன். ஆபீஸே அனுப்புகிறது. பக்கத்தில் உட்காருகிற பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. என்னை ஆசிரியர் என்று நினைத்து முதல் நாள் எழுந்து நின்றுவிட்டாள்.

ஒன்று சொல்ல வேண்டும். மிஷின் நன்றாக எழுதுகிறது அம்மு. நான் சிரிக்கலாம் என்றுதான் முதல் தாளைத் திறந்தேன். போன வாரம் ஒரு கேஸ், திருநெல்வேலிப் பக்கத்து அம்மாள். தவணை தவறிய மாதத்தில் புருஷன் போய்விட்டார், பணம் கிடையாது. மனுஷர் எழுதியது ஒரு பக்கம் முழுக்க அனுதாபம், கடைசி வரியில்தான் 'இல்லை'. அந்த அம்மாள் அதுவரை பணம் வரும் என்று நினைத்துக்கொண்டே படிப்பாள். மிஷின் மூன்றாவது வரியில் சொல்லிவிட்டு, யாரிடம் மேல்முறையீடு செய்யலாம், எந்தத் தேதிக்குள், என்ன தாள் வேண்டும் என்று எழுதியிருந்தது. மிஷினுக்குத்தான் டிக் போட்டேன். நீயே சொல், வேறு எப்படிப் போடுவது?

இன்னொன்று. பத்தில் ஒரு ஜோடியை வேறு ஆளுக்கும் அனுப்பி ஒத்துப்பார்க்கிறார்களாம். மற்றவர்களோடு ரொம்ப மாறுபடுகிற ஜட்ஜை நீக்கிவிடுவோம் என்று நகுல் சொன்னான். ஜாக்கிரதையாக இரு.

கேட்க மறந்தேன். நீ உன் கடிதங்களின் கடைசியில், 'கிளை அலுவலகத்துக்குத் தனியாகப் போக வேண்டாம், துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்' என்று எழுதுகிறாயா? எழுதினால் விட்டுவிடு. விதிப்படி அது தேவையில்லாத வரி. சும்மா தோன்றியது, சொன்னேன்.

சுஷ்மா உன்னைக் கேட்டாள் என்று எழுதச் சொன்னாள்.

கேஷவ்

-

கோயம்புத்தூர்
2 மார்ச் 2025

அண்ணா, நமஸ்காரம். இங்கே வெயில் இப்போதே கொளுத்துகிறது. நான் நன்றாக இருக்கிறேன். உனக்குத் தூக்கம் வருகிறதா? கையெழுத்து கோணலாக இருந்தது.

அந்த வரியை விடமாட்டேன். காரணம் சொல்கிறேன், நீ கேட்டதே இல்லை.

அவர் போன ரெண்டாம் மாதம் கிளெய்ம் விஷயமாகக் கிளை ஆபீஸுக்குத் தனியாகப் போனேன். அப்போதே இடது காது போய்விட்டது, வலது மந்தம். யாரிடமும் சொல்லவில்லை. டோக்கன் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். நம்பரைக் கூப்பிட்டுக் கொண்டேதான் இருந்திருப்பார்கள். எனக்குக் கேட்கவில்லை. காலை பத்தரையிலிருந்து ஷட்டரை இறக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். பெருக்க வந்த பெண் தோளைத் தொட்டாள். அங்கேயே அழுதேன். பக்கத்தில் ஒரு ஆள், யாராவது ஒரு மனுஷன், இருந்திருந்தால் போதும். அதனால் எழுதுகிறேன். புருஷன் செத்து ரெண்டு மாதம்கூட ஆகாதவளுக்கு எந்த விதிப்படி புத்தி வேலை செய்யும்? கம்பெனிக்கு அதில் அரை வரி மை செலவானால் ஆகட்டும்.

உன்னிடம்கூட இவ்வளவு நாள் சொல்லாததை இப்போது சொல்லிவிட்டேன், பார்.

ஒரு வேடிக்கை. என் தாளில் வருகிற ஆபீஸ்காரர் எல்லாக் கடிதத்திலும் 'மேற்படி' போடுகிறார். மேற்படி பாலிசி, மேற்படி நபர், மேற்படி மரணம். பாவம், பயங்கரமாக வேர்க்கிறது அவருக்கு. யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லமாட்டேன். எப்படிப் போடுகிறேன் என்றும் கேட்காதே.

மன்னியின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடு பண்ணித் தடவச் சொல்.

அம்மு

-

செம்பூர்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அம்மு,

ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. வருஷக் கடைசி வேலை. நாங்கள் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

பஞ்சு போய்விட்டான். மூன்று மாதமும் அவன் ஒரு தாளைக்கூடத் திறக்கவில்லை. நகுல் நல்லபடியாகத்தான் கேட்டான். "நான் எழுதறவன்டா, மார்க் போடறவன் இல்லை" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினான். இப்போது கிங்ஸ் சர்க்கிளில் மச்சினன் கடையில் ஊறுகாய் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுகிறான். போய்ப் பார்த்தேன். முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது நல்ல சேதி. பரீட்சை முடிவு வந்தது. மிஷினோடு என் கடிதங்கள் இருபதுக்குப் பதினெட்டு ஜெயித்திருக்கின்றன! நாலு மொழி டெஸ்க்கிலும் இப்படி யாருக்கும் வரவில்லையாம். நகுல் சுவரில் படம் போட்டுக் காட்டினான். "அங்கிள், யூ பீட் த மிஷின்" என்று எல்லோர் முன்னாலும் கை கொடுத்தான். ஐம்பத்துநாலு வயதில் முதுகில் தட்டினார்கள் அம்மு. வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னை வைத்துக்கொள்கிறார்கள். மிஷினுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை.

நீயும் மாறிக்கொள்ள வேண்டும். என்னைப் பார், சான்பாடா வரை போய்ப் படித்தேன். சும்மா பழைய மாதிரியே எழுதிக்கொண்டிருந்தால் ஆகாது. இறுக்கமாக எழுது. உருக்கத்தைக் குறை. இரண்டு முறை படித்துப் பார்த்து வெட்டு. கெட்டிக்காரி நீ, கொஞ்சம் முயன்றால் வரும்.

பஞ்சு மாதிரி வீம்பு மட்டும் வேண்டாம்.

அன்புடன்
கேஷவ்

-

கோயம்புத்தூர்
20 ஏப்ரல் 2025

அண்ணா,

நமஸ்காரம். இருபதுக்குப் பதினெட்டு என்று படித்ததும் பால் வாங்கிவந்து பாயசம் வைத்து நானே சாப்பிட்டேன். அப்பா இருந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லியிருப்பார். நிஜமாகவே சந்தோஷம். அன்றைக்காவது மாத்திரை போட்டாயா?

என் முடிவும் வந்தது. இருபதுக்கு மூன்று. பதினேழு தோல்வி. எழுதக் கொடுக்கும் கடிதங்களைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். இன்னும் ஒரு மாதம் பார்ப்பார்களாம்.

தோற்றதற்கு ஜட்ஜ் எழுதிய குறிப்புகளையும் அனுப்பியிருக்கிறார்கள், திருத்திக்கொள்வதற்காம். சிலதை அப்படியே எழுதுகிறேன்.

'மேற்படி கடைசி வாக்கியம் தேவையற்றது.'
'அனுதாபம் அதிகம். விஷயம் தாமதமாக வருகிறது.'
'மேற்படி துணை பற்றிய வாக்கியம் மீண்டும். விதியில் இல்லை.'
'சொன்னாலும் திருந்தாத எழுத்து.'

கடைசியதைப் படித்துவிட்டு அன்று முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை.

அண்ணா, உங்கள் ஆபீஸில் இதைப் போட்டவர் யார் என்று உனக்குத் தெரிந்திருக்கும். சின்ன டெஸ்க்தானே. அவரிடம் எனக்காக ஒரு வார்த்தை பேசுவாயா? மார்க்கைக் கூட்டச் சொல்லவில்லை. ஏன் இப்படி எழுதினார் என்று மட்டும் கேட்டுச் சொல். அவர் என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன். சத்தியமாக ஏற்றுக்கொள்கிறேன்.

மன்னிக்கு என் அன்பு.

அம்மு

-

கோயம்புத்தூர்
18 மே 2025

அண்ணா, நமஸ்காரம்.

போன மாதம் எழுதின கடிதம் கிடைத்ததா? நாலு வாரமாகப் பதில் இல்லை. மன்னிக்கு வாட்ஸப்பில் கேட்டேன். "உங்கண்ணா நல்லாத்தான் இருக்கார், ராத்திரி மட்டும் தூங்காம ஹால்ல நடந்துண்டே இருக்கார், கேட்டா ஒண்ணுமில்லேங்கறார்" என்று எழுதினாள். டாக்டரிடம் போ. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே.

எனக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. ஜூன் முப்பதோடு எழுத்து வேலை இல்லை. மார்க் போடும் வேலையாவது மிஞ்சும் என்று நினைத்தேன், அதுவும் கிடையாதாம். 'தங்கள் மதிப்பீடுகள் மற்றவர்களின் மதிப்பீடுகளோடு ஒத்துப்போகவில்லை.' நல்ல சுத்தமான தமிழ். படித்ததும் தெரிந்துவிட்டது, மிஷின் எழுதியது. மூன்றாவது வரியில் 'இல்லை' வந்துவிட்டது.

பக்கத்தில் இரண்டு இடத்தில் வேலை கேட்டேன். ஒரு ஆடிட்டர் ஆபீஸில் அந்தப் பெண் வாயைப் பெரிதாக அசைத்து ஏதோ சொன்னாள். என்னவென்று புரியாமல் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அவ்வளவுதான் இண்டர்வியூ.

நான் கேட்டதற்கு ஒரு வரி எழுது அண்ணா. கெட்ட சேதியானாலும் எழுது.

அம்மு

-

செம்பூர்
1 ஜூன் 2025

அன்புள்ள அம்மு,

எல்லோரும் நலம். இரண்டு கடிதமும் கிடைத்தன. உன் சேதி அறிந்து மிகவும் வருத்தம்.

இந்த வருஷம் மழை மே மாதமே பிடித்துக்கொண்டது. குர்லாவில் தண்டவாளத்தில் தண்ணீர். செம்பூரிலும் கீழ்வீட்டுக்காரர்கள் சாமானை எல்லாம் கட்டில் மேல் ஏற்றிவிட்டார்கள். சுஷ்மாவுக்கு ஈரத்தில் முழங்கால் அதிகம். ஆபீஸில் வேலை ஜாஸ்தி.

நீ இங்கே வந்துவிடு. ஹாலில் ஜன்னல் பக்கம் கட்டில் போட்டுவிடலாம். திரைச்சீலை ஒன்று தைக்கலாம் என்று சுஷ்மா சொல்கிறாள். டிக்கெட் போடட்டுமா? தேதி எழுது.

கேஷவ்

-

கோயம்புத்தூர்
15 ஜூன் 2025

அன்பான அண்ணாவுக்கு நமஸ்காரம். இங்கே மழை இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

திரைச்சீலை தைக்க வேண்டாம். மன்னியிடம் என் நன்றியைச் சொல். கட்டில் போட்டால் பால்கனிக் கதவு திறக்காது, அளந்து பார்.

மார்க் போடும் வேலை ஏன் போனது என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். என் தாளில் வந்ததெல்லாம் உன் கடிதங்கள். முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டேன். பத்து வயதிலிருந்து உன் கடிதத்தைப் படிக்கிறவள் நான், உன் எழுத்து எனக்குத் தெரியாதா? மிஷின் நன்றாகத்தான் எழுதியிருந்தது அண்ணா. பல தடவை உன்னுடையதைவிட நன்றாக இருந்தது. அந்தத் திருநெல்வேலிக் கேஸ் மாதிரி உன்னிடமும் உண்டு, ஒரு பக்கம் சுற்றிவிட்டு 'மேற்படி காரணங்களால்' என்று முடித்திருப்பாய். எல்லாவற்றிலும் உனக்கே போட்டேன்; தோற்ற ரெண்டும் ஒத்துப்பார்க்க வேறு ஆளிடம் போனவையாக இருக்கும். ஒத்துப்பார்ப்பார்கள் என்று நீ எழுதினபின்னும் போட்டேன். உன் வேலை போனால் உங்கள் ரெண்டு பேரையும் யார் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். எனக்கென்ன, ஒற்றை ஆள்.

மிஷினுக்குத் தர வேண்டியதை உனக்குத் தந்தது தப்புதான். நகுலிடம் சொல்லிவிடாதே. ஆனால் எனக்கு உறுத்தவே இல்லை. நன்றாகத் தூங்குகிறேன்.

ஜூலைவரை இந்த வீடு இருக்கிறது. இந்தத் தடவையாவது பதில் எழுது.

அம்மு

-

செம்பூர்
24 ஆகஸ்ட் 2025

அம்மு,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நேராக எழுதுகிறேன்.

அந்த ஜட்ஜ் நான்தான். இரண்டாவது வாரமே தெரியும். துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள் என்ற வரியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் போட்டேன். தங்கை என்று தெரிந்தும் முகம் பார்க்காமல் போடுகிறேன் என்று எனக்குள் ஒரே பெருமை. தனியாக உட்கார்ந்து என்னையே மெச்சிக்கொண்டேன்.

அதுவும் முழு உண்மை இல்லை. முதல் நாலு வாரம் மிஷின் நிஜமாகவே நன்றாக எழுதியது. அதற்குப் பிறகு உன் கடிதங்கள் மாறின. நான் பிப்ரவரியில் எழுதியதைப் பார்த்து 'இல்லை'யை முன்னால் கொண்டுவந்தாய். ஆறு ஏழு கடிதங்கள் மிஷினைவிட நன்றாக இருந்தன. அப்போதும் மிஷினுக்கே போட்டேன். மற்றவர்கள் மிஷினுக்குப் போடுகிறார்கள், நான் மாறினால் என்னை நீக்கிவிடுவார்கள் என்று பயம். நேர்மை என்று பேர் வைத்துக்கொண்டேன். பயம்தான், வேறொன்றும் இல்லை. திருந்தாத எழுத்து என்று எழுதியது உன் மார்ச் மாதக் கடிதத்தைப் படித்ததற்கு மறுநாள். நீ டோக்கனோடு உட்கார்ந்திருந்ததைப் படித்துவிட்டுப் போய் அதை எழுதினேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. உன் மேல் கோபம் வந்தது. இவள் ஏன் சொன்னதைக் கேட்டுப் பிழைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள் என்று கோபம்.

பதினெட்டு ஜெயித்தேன் என்று உனக்கு உபதேசம் செய்தேனே. உன் ஜூன் கடிதத்தை ஆபீஸ் பாத்ரூமில் நின்று படித்தேன். இரண்டு மாதமாகத் தினமும் எழுத உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன்.

இதையும் கேள். உன் வரி இருந்த கடிதம் போன வீடுகளிலிருந்து புகார் குறைவாக வந்ததாம். நம்பர் சொன்னது. இப்போது மிஷின் எல்லாக் கடிதத்திலும் அந்த வரியை எழுதுகிறது, நாலு மொழியிலும். "யாரோட ஐடியா அங்கிள் இது? ஃபென்டாஸ்டிக்!" என்று நகுல் கேட்டான். உன் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். "டீமோட ஐடியா" என்று வந்தது. செப்டம்பரோடு எனக்கும் வேலை இல்லை, சொல்லிக்கொடுத்தது போதுமாம். உன்னைத் தேற்றுவதற்காக இதை எழுதவில்லை.

உன் வீட்டு ஓனருக்கு போன் செய்தேன். நீ காலி செய்துவிட்டாய் என்றார். எங்கே போனாய்? திட்டி எழுது. வந்து என் முகத்தில் துப்பு. எங்கே இருக்கிறாய் என்று மட்டும் சொல்.

கேஷவ்

-

14 செப்டம்பர் 2025

அண்ணா,

பழைய வீட்டு ஓனர் உன் கடிதத்தை எனக்கு அனுப்பிவைத்தார். என் விலாசத்தை அவரிடம் கேட்காதே, சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். உடம்பு பரவாயில்லை. ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறேன். காலையில் காய் நறுக்குவது, சாயங்காலம் வாசல் ரிஜிஸ்டரில் பெயர் எழுதுவது. அறையில் இன்னொரு பெண்மணியும் உண்டு. சாவி அவரிடம் இருக்கிறது.

நீ எழுதியதில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. ஏப்ரலில் அந்தக் குறிப்புகளைப் படித்த அன்றே எனக்குத் தெரியும். அதனால்தான் அன்று சாப்பிடவில்லை.

தெரிந்துதான் உன்னைக் கேட்டேன், அவரிடம் ஒரு வார்த்தை பேசு என்று. உன் வாயால் வரட்டும் என்று நினைத்தேன். 'அது நான்தான் அம்மு, பயந்துவிட்டேன்' என்று நீ ஒரு வரி எழுதியிருந்தால் போதும். சத்தியமாகப் போதும். திட்டி ஒரு பக்கம் எழுதிவிட்டு, தீபாவளிக்கு வந்து உன் ஹாலில் படுத்திருப்பேன். நாலு வாரம் தபால்காரரை வாசலில் நின்று பார்த்தேன். பெல் அடித்தால் எனக்குக் கேட்காதே, அதனால் வாசலிலேயே நின்றேன். மறுபடியும் கேட்டேன். மழை பெய்கிறது என்று எழுதினாய்.

ஜூனில் நான் உனக்குப் போட்ட மார்க்கைச் சொன்னது பெருமைக்கு இல்லை. அதைப் படித்தாவது அன்றைக்கே சொல்லிவிடுவாய் என்றுதான். பத்து வாரம் எடுத்துக்கொண்டாய்.

வேலை போனதற்கு உன்னைக் குறை சொல்லமாட்டேன். நீ எனக்கே போட்டிருந்தாலும் ஒரு வருஷம் கழித்துப் போயிருக்கும். உன்னுடையது போகவில்லையா? அந்த வரியை மிஷின் எழுதினால் எழுதட்டும், யாருக்காவது உதவட்டும். கோபம் இல்லை என்று பொய் எழுத எனக்கு வரவில்லை. காய் நறுக்கும்போதும் இருக்கிறது, படுக்கும்போதும் இருக்கிறது. மிஷின் மேல் ஒரு நாளும் வந்ததில்லை.

மன்னியிடம் எல்லாவற்றையும் நீயே சொல். நான் சொல்ல மாட்டேன். மாத்திரையை விடாதே, மன்னிக்கு நீதான் இருக்கிறாய்.

கோபம் தீர்ந்தால் விலாசம் எழுதுகிறேன். தீருமா என்று எனக்குத் தெரியவில்லை அண்ணா.

அம்மு